பழைய மோட்டார் யாட் வாங்கும்போது டீசல் இன்ஜினை எடைபோடுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய மோட்டார் யாட் (இன்ஜினால் ஓடும் உல்லாசப் படகு) வாங்கப் போகும் நண்பர்கள் என்னிடம் முதலில் கேட்பது எப்போதும் ஒன்றுதான்: "எந்தக் கம்பெனி இன்ஜின் நல்லது?" இதற்கு ஒரு பெயரைச் சொல்லி அனுப்பிவிட்டால் அவர்களுக்குக் கெடுதல் செய்ததாகிவிடும் என்று நினைக்கிறேன். ஏனென்றால் ஒரே மாடல் இன்ஜின் ஒரு படகில் பல ஆயிரம் மணி நேரம் சத்தமில்லாமல் ஓடியிருக்கும், இன்னொரு படகில் ஆயிரம் மணி நேரம்கூடத் தாண்டாமல் பிஸ்டன் உருகிப் போயிருக்கும். அந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது, வாங்குவதற்கு முன்னால் அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

முதலில் எதை முடிவு செய்ய வேண்டும்?

வேகத்தை. தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகும் படகுக்கு இயற்கையாகவே ஓர் எல்லை இருக்கிறது. நீர்மட்டத்தில் படகு எத்தனை அடி நீளமோ அதன் வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்கினால் அந்த எல்லை நாட் (மணிக்கு ஒரு கடல் மைல்) கணக்கில் வரும். 36 அடி என்றால் 8 நாட். இந்த எல்லைக்குள் போவதே போதும் என்றால், 15 டன் படகைக்கூட 7 நாட்டில் ஓட்ட ஐம்பது அறுபது ஹெச்.பி. இருந்தால் போதும். அதே எடையை எழுப்பி, தண்ணீர் மேல் 18, 20 நாட்டில் ஓட வைக்கப் பல நூறு ஹெச்.பி. வேண்டும்.

டீசல் செலவுக்கு ஒரு எளிய கணக்கு: ஒரு ஹெச்.பி.யை ஒரு மணி நேரம் எடுக்க சுமார் 0.19 லிட்டர். 100 ஹெச்.பி. எடுத்தால் மணிக்கு 19 லிட்டர். பிராண்ட் மாறினாலும் இந்த எண் பெரிதாக மாறாது. பழைய டூ ஸ்ட்ரோக் இன்ஜின்கள் மட்டும் கொஞ்சம் அதிகம் குடிக்கும். ஆகவே "சிக்கனமான இன்ஜின்" என்று யாராவது விற்க வந்தால் அதிகம் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். சிக்கனம் என்பது வேகத்திலும் படகின் எடையிலும் இருக்கிறது. எந்த வேகத்தில் போகப் போகிறோம் என்று வீட்டில் உட்கார்ந்து நேர்மையாகப் பேசிவிட்டுப் படகு பார்க்கக் கிளம்புங்கள், பாதிப் படகுகள் பட்டியலிலிருந்து தானாக விழுந்துவிடும்.

டீசல்தான் வாங்க வேண்டுமா?

சின்னப் படகு, வருஷத்தில் கொஞ்ச மணி நேரம்தான் ஓட்டம் என்றால் பெட்ரோலும் சரிதான். பெரிய படகு, நீண்ட பயணம் என்றால் டீசல். எனக்கு முக்கியமான காரணம் பாதுகாப்பு. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், கசிந்தால் படகின் அடித்தட்டில் போய்த் தங்கும், ஒரு பொறி போதும். டீசல் சாதாரண வெப்பத்தில் அப்படிப் பற்றாது.

ஒரு இன்ஜின் கஷ்டப்பட்டு உழைக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஹெச்.பி.யை இன்ஜினின் கொள்ளளவால் (சிலிண்டர்களின் மொத்த அளவு, லிட்டரில்) வகுத்துப் பாருங்கள். இந்த ஒரு வகுத்தல் கணக்கு விளம்பரம் சொல்லாததைச் சொல்லிவிடும்.

பழைய ஃபோர்ட் லேமன் 120: கொள்ளளவு 6.2 லிட்டர், 120 ஹெச்.பி. லிட்டருக்கு 19 வருகிறது. கேட்டர்பில்லர் 3208 10.4 லிட்டர் வி8. டர்போ (காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் கருவி) இல்லாத 210 ஹெச்.பி. வடிவத்தில் லிட்டருக்கு 20, டர்போவும் அந்தக் காற்றைக் குளிர்விக்கும் ஆஃப்டர்கூலரும் போட்ட 435 ஹெச்.பி. வடிவத்தில் 42. கம்மின்ஸ் 6பி.டி. 5.9 லிட்டரில் 210 ஹெச்.பி. தந்தால் 36, அதே 5.9 லிட்டரில் காமன் ரெயில் (டீசலை மிக அதிக அழுத்தத்தில், எலக்ட்ரானிக் கட்டுப்பாட்டில் தெளிக்கும் அமைப்பு) போட்டு வந்த கியூ.எஸ்.பி. 480 ஹெச்.பி. தரும்போது 81. யான்மாரின் 6எல்.பி. 4.2 லிட்டரில் 315 ஹெச்.பி., அதாவது 75.

லிட்டருக்கு 20 எடுக்கும் இன்ஜினை நீங்கள் என்ன செய்தாலும் எளிதில் கொல்ல முடியாது. 80 எடுக்கும் இன்ஜின் மோசமானது என்று அர்த்தமில்லை, நல்ல உலோகமும் நல்ல கட்டுப்பாடும் அதில் இருக்கின்றன. ஆனால் அது தவறுகளை மன்னிக்காது. குளிரூட்டும் தண்ணீர் கொஞ்சம் குறைந்தாலும், ப்ரொப்பெல்லர் கொஞ்சம் பெரிதாக இருந்தாலும், டர்போவுக்கு முன்னால் காற்று கொஞ்சம் அடைபட்டாலும் அதற்கான விலையை உடனே கேட்கும்.

இன்னொன்றும் இருக்கிறது. தயாரிப்பாளர்களே ஒரே இன்ஜினைப் பல தரநிலைகளில் விற்கிறார்கள். கேட்டர்பில்லர் ஏ-யிலிருந்து ஈ வரை எழுத்துகளால் பிரிக்கிறது. ஏ என்பது நாள் முழுக்க முழுச் சுமையில் உழைக்கும் வேலைப் படகுக்கு, ஈ என்பது எப்போதாவது சில நிமிஷங்கள் முழு வேகம் எடுக்கும் உல்லாசப் படகுக்கு. ஆகவே "மீன்பிடிப் படகில் 20,000 மணி நேரம் ஓடும் இன்ஜின் சார் இது" என்று விற்பவர் சொன்னால், மீன்பிடிப் படகில் அது எத்தனை ஹெச்.பி.க்கு வைக்கப்பட்டிருந்தது என்று திருப்பிக் கேளுங்கள்.

எத்தனை மணி நேரம் ஓடியிருந்தால் அதிகம்?

மணி நேரத்தை மட்டும் வைத்து யாரும் சரியாகச் சொல்ல முடியாது. 3,000 மணி நேரம் ஓடி, வாரா வாரம் வெளியே போய், ஆயில் மாற்றிய தேதியெல்லாம் நோட்டில் எழுதியிருக்கும் இன்ஜினை நான் தைரியமாகப் பார்ப்பேன். 20 வயசுப் படகில் மீட்டர் 400 மணி காட்டினால் எனக்குப் பயம் வரும். வருஷத்துக்கு 20 மணி நேரம்தான் ஓடியிருக்கிறது என்றால் மற்ற நாளெல்லாம் உப்புக் காற்றில் சும்மா கிடந்திருக்கிறது: சீல்கள் காய்ந்திருக்கும், எக்ஸாஸ்ட் வால்வு திறந்து நின்ற சிலிண்டரில் ஈரம் இறங்கித் துரு பிடித்திருக்கும், கடல் தண்ணீர் ஓடும் குழாய்களில் உப்பு கட்டியிருக்கும், "ரொம்ப ஓடலியே, எதுக்கு சர்வீஸ்?" என்று உரிமையாளரும் விட்டிருப்பார்.

மணி நேரத்தைவிட நல்ல அளவுகோல், அந்த இன்ஜின் இதுவரை எரித்த டீசல். எலக்ட்ரானிக் இன்ஜின் என்றால் மெக்கானிக் தன் லேப்டாப்பை இ.சி.யு.வில் (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினிப் பெட்டி) சொருகினால் மொத்த மணி நேரம், மொத்த எரிபொருள், எந்தெந்தச் சுமையில் எவ்வளவு நேரம், அதிகச் சூடு எச்சரிக்கை எத்தனை முறை என்று பல மாடல்களில் எல்லாமே வரும். 400 ஹெச்.பி. இன்ஜின் ஒன்று 1,000 மணி நேரத்தில் 20,000 லிட்டர் எரித்திருந்தால் சராசரி மணிக்கு 20 லிட்டர், அதாவது சுமார் 105 ஹெச்.பி. நிதானமான வாழ்க்கை. அதே 1,000 மணி நேரத்தில் 60,000 லிட்டர் எரித்திருந்தால் சராசரியே 300 ஹெச்.பி.யைத் தாண்டிவிட்டது, அதை அடித்து ஓட்டியிருக்கிறார்கள். மீட்டரில் இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். இந்தத் தகவலை எடுத்துப் பார்க்க விற்பவர் சம்மதிக்கவில்லை என்றால் நான் அந்தப் படகை விட்டு நகர்ந்துவிடுவேன்.

பழைய மெக்கானிக்கல் இன்ஜின்களில் இந்த வசதி இல்லை. மீட்டரை மாற்றியிருக்கலாம், வயர் அறுந்து பல வருஷம் ஓடாமலும் இருந்திருக்கலாம். அங்கே பில்களும் நோட்டும்தான் சாட்சி.

மெக்கானிக்கல் இன்ஜினா, காமன் ரெயிலா?

மெக்கானிக்கல் இன்ஜின் ஸ்டார்ட் ஆன பிறகு ஓடுவதற்கு அநேகமாக மின்சாரமே தேவையில்லை. டீசல், காற்று, குளிரூட்டும் தண்ணீர் மூன்றும் வந்தால் ஓடிக்கொண்டே இருக்கும். எங்கோ தொலைவில் ஒரு சின்னத் துறைமுகத்தில் நின்றுவிட்டாலும் ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த ஒருவர் வழி கண்டுபிடிப்பார். பதிலுக்குக் காலையில் புகை விடும், சத்தம் போடும், டீசல் வாடை துணியில் ஏறும்.

காமன் ரெயிலில் டீசல் 1,600 பார், அதற்கு மேலும்கூட அழுத்தத்தில் இன்ஜெக்டருக்கு (டீசலைச் சிலிண்டருக்குள் தெளிக்கும் முனை) போகிறது. அதனால் புகை குறைவு, சத்தம் குறைவு, குறைந்த வேகத்திலும் மென்மையாக ஓடும். குடும்பத்தோடு நாள் முழுக்கப் படகில் இருப்பவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை. ஆனால் அந்த அழுத்தத்தில் வேலை செய்யும் இன்ஜெக்டருக்குத் துளி தண்ணீரும் ஆகாது, கண்ணுக்குத் தெரியாத தூசியும் ஆகாது. ஃபில்டர் விஷயத்தில் சோம்பல் இருந்தால் மெக்கானிக்கல் இன்ஜின் ஓரளவு பொறுத்துக்கொள்ளும், இது பொறுக்காது.

நான் அதிகம் தயங்குவது நடுக்காலத்து இன்ஜின்களைப் பார்த்துத்தான்: எலக்ட்ரானிக்ஸ் புதிதாக வந்த முதல் தலைமுறை. இன்ஜின் இரும்பு நன்றாக இருக்கும், ஆனால் அந்தக் காலத்துக் கட்டுப்பாட்டுப் பெட்டியோ டிஸ்ப்ளேயோ தயாரிப்பில் இருக்காது. அப்படி ஒரு படகைப் பார்த்தால் விலை பேசுவதற்கு முன்பே, இ.சி.யு., த்ராட்டில் பெட்டி, டிஸ்ப்ளே மூன்றின் பாக எண்களையும் குறித்துக்கொண்டு போய் அவை இன்னும் கிடைக்கின்றனவா என்று விசாரியுங்கள்.

அடிக்கடி கண்ணில் படும் பழைய இன்ஜின்கள் பற்றிச் சொல்லுங்களேன்?

ஃபோர்ட் லேமன் 120. கிராண்ட் பேங்க்ஸ் மாதிரி நிதானமான ட்ராலர் படகுகளில் நிறைய இருக்கும். மெதுவாக ஓடும், நீண்ட நாள் ஓடும். ஒரே ஒரு விஷயத்தை மறக்கக் கூடாது: அதன் இன்ஜெக்ஷன் பம்புக்குத் தனி ஆயில் உண்டு, அதைச் சுமார் 50 மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். விற்பவரிடம் இதைப் பற்றிச் சாதாரணமாகக் கேளுங்கள். "எந்த ஆயில்?" என்று அவர் முழித்தால் மற்ற பராமரிப்பும் எப்படி நடந்திருக்கும் என்று புரிந்துவிடும். பெர்கின்ஸ் 6.354-ம் இதே குணம், பெயரிலேயே ஆறு சிலிண்டர், 354 கன அங்குலம் என்று இருக்கிறது.

டெட்ராய்ட் டீசல் டூ ஸ்ட்ரோக். 71 வரிசை 1938-ல் வந்தது. 71 என்பது ஒரு சிலிண்டரின் கன அங்குல அளவு, ஆகவே 6-71 என்றால் அப்படி ஆறு சிலிண்டர். சத்தம் அதிகம், ஆயில் கசியும், ஒற்றை கிரேடு எஸ்.ஏ.இ. 40 ஆயில்தான் ஊற்ற வேண்டும், யாராவது மல்டிகிரேடு ஊற்றி ஓட்டியிருந்தால் அது நல்ல அறிகுறியில்லை. டர்போ இல்லாத 6-71, 8வி-71 எல்லாம் உழைப்பாளிகள், பெரும்பாலும் படகுக்குள் வைத்தே பிரித்துச் சீர் செய்துவிடலாம். 92 வரிசை அப்படியல்ல, அதிக ஹெச்.பி.க்கு ஏற்றி வைத்த 8வி-92, 12வி-92 இன்ஜின்கள் உல்லாசப் படகுகளில் சீக்கிரமே ஓவர்ஹால் கேட்டிருக்கின்றன. ஓவர்ஹால் எப்போது, யார் செய்தார் என்ற பில் இல்லாமல் அவற்றை நெருங்க வேண்டாம். இவற்றைத் தெரிந்த மெக்கானிக்குகளும் வயசாகி ஓய்வு பெற்று வருகிறார்கள் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

கேட்டர்பில்லர் 3208. தூக்கிப் போடும் இன்ஜின் என்று இதைக் கேலி செய்வார்கள், காரணம் இதில் லைனர் (பிஸ்டன் ஓடும், மாற்றக்கூடிய உறை) கிடையாது, பிஸ்டன் நேராக பிளாக்கிலேயே ஓடுகிறது, தேய்ந்தால் வெளியே எடுத்து பிளாக்கைத் துளைத்துப் பெரிதாக்க வேண்டும். எனக்கு அந்தக் கேலி நியாயமாகப் படவில்லை. டர்போ இல்லாத 210 ஹெச்.பி. 3208 அவ்வளவு எளிதில் தேயாது. 375-க்கு மேல் போன வடிவங்களில்தான் ஆஃப்டர்கூலரையும் எக்ஸாஸ்ட்டையும் உன்னிப்பாகப் பார்க்க வேண்டும்.

கம்மின்ஸ் 6பி.டி., 6பி.டி.ஏ. இந்தக் குடும்ப இன்ஜின் 1989 முதல் டாட்ஜ் ராம் பிக்கப்பில் வந்ததால் பாகங்களுக்கும் தெரிந்த ஆட்களுக்கும் பஞ்சமில்லை. என்னிடம் ஒரே ஒரு பழைய இன்ஜின் பெயர் சொல்லு என்று கட்டாயப்படுத்தினால், 210 ஹெச்.பி. 6பி.டி. அல்லது 250 ஹெச்.பி. 6பி.டி.ஏ. என்றுதான் சொல்வேன். இதன் அண்ணனான 8.3 லிட்டர் 6சி.டி.ஏ.வில் வெட் லைனர் (சுற்றிலும் குளிரூட்டும் தண்ணீர் ஓடும் லைனர்) இருப்பதால் படகுக்குள்ளேயே லைனரை மாற்ற முடியும், இடம் இருந்தால்.

வால்வோ பென்டா எடையில் குறைவு, அளவில் அடக்கம், நன்றாக ஓடும், பாகங்கள் மலிவல்ல. யான்மார் 6எல்.பி. டொயோட்டாவின் 4.2 லிட்டர் பிளாக்கை அடிப்படையாகக் கொண்டது, நல்ல இன்ஜின், ஆனால் 3,800 ஆர்.பி.எம். வரை சுற்றுவது. மேன், எம்.டி.யு. கம்பெனிகளின் வி12 இன்ஜின்கள் பெரிய யாட்டுக்கு உரியவை. படகு வயசாகி விலை இறங்கியிருக்கும், சர்வீஸ் பில் மட்டும் புதுப் படகின் விலைக்கு ஏற்றபடியே வரும். மலிவாகக் கிடைக்கிறதே என்று இங்கேதான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஒரு இன்ஜினா, இரண்டா?

மெதுவாகப் போகும் படகில் ஒன்று போதும். ப்ரொப்பெல்லர் கீலுக்கு (படகின் அடியில் நீளவாட்டில் ஓடும் முதுகெலும்பு) பின்னால் பத்திரமாக இருக்கும், பராமரிப்புச் செலவு பாதி, இன்ஜினைச் சுற்றி மனுஷன் நடக்க இடம் இருக்கும். முன்பக்கம் த்ரஸ்டர் (படகைப் பக்கவாட்டில் தள்ளும் சின்ன ப்ரொப்பெல்லர்) இருந்தால் துறையில் கட்டுவதும் பழகிவிடும். வேகப் படகுக்கு இரண்டு தேவை. "ஒன்று நின்றாலும் இன்னொன்று இருக்கும்" என்ற வாதம் பாதிதான் உண்மை. கடலில் இன்ஜின் நிற்பது பெரும்பாலும் அழுக்கு டீசலால், இரண்டும் குடிப்பது அதே டீசலைத்தான்.

இன்ஜினை விடுங்கள், டிரைவ் (இன்ஜின் சக்தியை ப்ரொப்பெல்லருக்குக் கொண்டுபோகும் அமைப்பு) எது பார்ப்பது? பாட் நல்லதா?

பாட் என்பது ப்ரொப்பெல்லரோடு படகின் அடியில் தொங்கித் திரும்பும் டிரைவ். வால்வோ பென்டாவின் ஐ.பி.எஸ். அப்படி ஒன்று, 2005-ல் வந்தது, ப்ரொப்பெல்லர் முன்பக்கம் பார்த்து இழுக்கும், ஜாய்ஸ்டிக்கால் படகைப் பக்கவாட்டில் நகர்த்தலாம், எரிபொருளும் மிச்சம். ஓட்டும்போது ஆசையாகத்தான் இருக்கும். பழையதாக வாங்கும்போது கேட்க வேண்டியது சீல் மாற்றிய தேதி, பாட் ஆயிலில் தண்ணீர் இருக்கிறதா, படகை மேலே தூக்கிப் பார்த்தால் உறையில் அரிப்பு இருக்கிறதா என்பது. சாதாரண ஷாஃப்ட்டில் (இன்ஜினிலிருந்து ப்ரொப்பெல்லருக்கு நேராகப் போகும் தண்டு) சீல், பேரிங் தவிர கெட்டுப்போக அதிகம் இல்லை. கடலில் நீண்ட பயணம் போகிறவர் என்றால் நான் ஷாஃப்ட்டையே சொல்வேன்.

படகு டீசலைக் கொல்வது எது?

உப்புத் தண்ணீர். லாரியில் இதே இன்ஜின் பத்து லட்சம் கிலோமீட்டர் ஓடும், படகில் ஓடாததற்கு முதல் காரணம் இதுதான்.

எக்ஸாஸ்ட் வளைவை எடுத்துக்கொள்ளுங்கள். டர்போவுக்கு அடுத்து, கொதிக்கும் புகையும் கடல் தண்ணீரும் கலக்கும் இடம். சூடு, உப்பு, புகையிலுள்ள கந்தகம் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து உலோகத்தை உள்ளிருந்து தின்னும். வெளியே பெயின்ட் பளபளக்கும். உள்ளே ஓட்டை விழுந்தால் இன்ஜின் நின்ற பிறகு தண்ணீர் பின்னோக்கி வடிந்து டர்போவுக்குள்ளும் சிலிண்டருக்குள்ளும் போகும். சில படகுகளில் அந்த வளைவு போதுமான உயரத்தில் வைக்கப்படாமல் கட்டும்போதே தவறாக அமைந்திருக்கும். அதற்கு எந்த பிராண்ட் இன்ஜினும் தப்பாது. இன்ஜின் ரிப்பேர் என்று இரண்டாவது முறையும் வந்திருக்கிறது என்றால் எக்ஸாஸ்ட் அமைப்பைச் சந்தேகப்படுங்கள்.

அடுத்தது ஆஃப்டர்கூலர். டர்போ அழுத்திய சூடான காற்றைக் கடல் தண்ணீரால் குளிர்விக்கும் பெட்டி, ஒரு பக்கம் காற்று, மெல்லிய சுவருக்கு அந்தப் பக்கம் கடல். இதைச் சில வருஷத்துக்கு ஒரு முறை கழற்றி, சுத்தம் செய்து, கிரீஸ் தடவி, அழுத்தம் கொடுத்துப் பரிசோதித்து மாட்ட வேண்டும். பெரும்பாலான உரிமையாளர்கள் தொடுவதே இல்லை. கழற்ற முடியாமல் வெவ்வேறு உலோகங்கள் ஒன்றோடொன்று ஒட்டி வெந்து போனதைப் பார்த்திருக்கிறேன். "ஆஃப்டர்கூலரை கடைசியாக எப்போது கழற்றினீர்கள்?" என்பதுதான் விற்பவரிடம் நான் கேட்கும் மிக முக்கியமான கேள்வி.

ஹீட் எக்ஸ்சேஞ்சர், ஆயில் கூலர், கியர் ஆயில் கூலர், கடல் தண்ணீர் பம்பின் ரப்பர் இம்பெல்லர் (தண்ணீரைத் தள்ளும் இதழ்ச் சக்கரம்), மற்ற உலோகங்களுக்குப் பதிலாகத் தான் கரைந்து அவற்றைக் காக்கும் ஜிங்க் கம்பிகள் எல்லாமே இதே குடும்பம். ஜிங்க் ஒன்றைக் கழற்றச் சொல்லுங்கள். நூல் போல இளைத்திருந்தாலோ இருந்த இடமே தெரியாமல் போயிருந்தாலோ, அதற்குப் பதிலாக வேறெதுவோ கரைந்துகொண்டிருந்தது என்று அர்த்தம்.

இன்ஜின் அறையில் என்ன பார்ப்பது?

உடம்பை நுழைத்துப் பாருங்கள், எட்டிப் பார்ப்பது போதாது. இரண்டு இன்ஜின் படகில் நடுவில் உட்கார்ந்தால் எல்லாம் அழகாகத் தெரியும். இன்ஜினுக்கும் படகின் வெளிச்சுவருக்கும் நடுவில் இருக்கும் பக்கம்தான் உண்மையைச் சொல்லும். அங்கே இம்பெல்லர், ஆயில் ஃபில்டர், ஆஃப்டர்கூலர், ஸ்டார்ட்டர் எது இருந்தாலும் கை போகிறதா? கை போகாத இடத்தில் இருப்பதை முந்தைய உரிமையாளர் தொட்டிருக்க மாட்டார், நீங்களும் தொட மாட்டீர்கள், மெக்கானிக் தொட்டால் கூடுதல் மணி நேரத்துக்குப் பில் போடுவார். ஒரு முறை ஒரு படகில் இம்பெல்லரை மாற்றவே ஜெனரேட்டரை நகர்த்த வேண்டியிருந்தது. இன்ஜின் நல்ல பெயர் பெற்றதுதான், இருந்தும் வாங்க வேண்டாம் என்று நண்பரிடம் சொன்னேன்.

புதிதாகப் பெயின்ட் அடித்திருந்தால் சந்தோஷப்படாதீர்கள். போல்ட் தலைகள், ஹோஸ் கிளாம்ப், லேபிள் மேலெல்லாம் பெயின்ட் ஏறியிருந்தால் எதையும் கழற்றாமல் மூடியிருக்கிறார்கள். இன்ஜினைத் தளத்தைப் பிரித்து வெளியே எடுக்க வழி இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள், சில படகுகளில் உள்ளறையையே அறுக்க வேண்டியிருக்கும்.

ஓட்டிப் பார்க்கும்போது என்னென்ன செய்ய வேண்டும்?

சொன்ன நேரத்துக்கு முன்பே போய் இன்ஜினில் கை வையுங்கள். குளிர்ந்திருக்க வேண்டும். சூடாக இருந்தால் முன்கூட்டியே ஓட்டிப் புகையைக் கழித்திருக்கிறார்கள், இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடலாம். குளிர்ந்த இன்ஜின் எவ்வளவு நேரம் சுற்றிப் பிடிக்கிறது, என்ன புகை, எவ்வளவு நேரத்தில் தெளிகிறது என்று பாருங்கள்.

டீசல் டேங்கும் தண்ணீர் டேங்கும் முடிந்தவரை நிரம்பியிருக்கட்டும், நாலு பேர் ஏறட்டும். காலிப் படகில் ஓட்டிப் பார்த்தால் கிடைக்கும் எண் பொய்.

நன்றாகச் சூடேறிய பிறகு முழு த்ராட்டில். சில நிமிஷங்கள் அப்படியே. இன்ஜினுக்குக் குறிக்கப்பட்ட உச்ச ஆர்.பி.எம்.மைத் தொட வேண்டும், 50 அல்லது 100 கூடினால் இன்னும் நல்லது. 2,800 என்று குறித்த இன்ஜின் 2,550-லேயே மூச்சு வாங்கினால் ப்ரொப்பெல்லர் அதற்குப் பெரிது, அல்லது அடியில் பாசி, அல்லது இன்ஜினே பலவீனம். எதுவாக இருந்தாலும் அந்த இன்ஜின் இத்தனை நாளும் மேட்டில் டாப் கியரில் ஏறும் வண்டி போல் திணறியிருக்கிறது: கறுப்புப் புகை, அதிக எக்ஸாஸ்ட் சூடு, வெந்த வால்வுகள். பிட்சை (ப்ரொப்பெல்லர் ஒரு சுற்றில் முன்னேற வேண்டிய தூரம்) ஒரு அங்குலம் குறைத்தால் சுமார் 150 முதல் 200 ஆர்.பி.எம். கூடும் என்பார்கள், ஆகவே சரிசெய்வது எளிது, ஏற்கனவே ஆன சேதத்தைத் திருப்ப முடியாது. டாஷ்போர்டு மீட்டரை நம்ப வேண்டாம், ஒளியால் சுற்றை எண்ணும் கையடக்கக் கருவி மெக்கானிக்கிடம் இருக்கும். முள் 2,800 காட்ட, கருவி 2,600 சொன்னதை நானே பார்த்திருக்கிறேன்.

அதே ஓட்டத்தில் வெப்பமானி முள்ளைப் பாருங்கள். ஏறி ஓரிடத்தில் நின்றால் சரி. நிற்காமல் மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போனால் குளிரூட்டும் பாதை அடைபட்டிருக்கிறது. பிறகு உச்ச ஆர்.பி.எம்.மில் 80 சதவீதத்துக்குக் கொண்டு வாருங்கள். ப்ரொப்பெல்லர் எடுக்கும் சக்தி சுற்று வேகத்தின் மும்மடிக்கு ஏறக்குறைய ஒத்துப் போவதால் அந்த இடத்தில் இன்ஜின் சுமார் பாதி சக்திதான் கொடுக்கும். அந்த வேகம் உங்களுக்குப் பிடித்திருக்கிறதா? இல்லையென்றால் இந்தப் படகில் நீங்கள் எப்போதும் இன்ஜினை விரட்டிக்கொண்டே இருப்பீர்கள்.

புகையின் நிறம் என்ன சொல்கிறது?

கறுப்பு என்றால் டீசலுக்கு ஏற்ற காற்று இல்லை: அதிகச் சுமை, அடைபட்ட ஏர் ஃபில்டர், சோர்ந்த டர்போ. நீலம் என்றால் ஆயில் எரிகிறது. வெள்ளைதான் குழப்பும். குளிரில் எரியாத டீசல் வெள்ளையாக வந்து கொஞ்ச நேரத்தில் மறைந்தால் பழைய இன்ஜினுக்கு அது இயல்பு, தண்ணீரில் எண்ணெய்ப் படலமும் தெரியும். சூடான பிறகும் விடாமல் வரும் வெள்ளை நீராவி என்றால் எக்ஸாஸ்ட்டுக்குத் தண்ணீர் போதவில்லை, அல்லது கூலன்ட் உள்ளே போகிறது.

ஆயில் பரிசோதனை ஒன்று போதுமா?

போதாது, ஆனாலும் செய்யுங்கள். சோடியம் உயர்ந்திருந்தால் கடல் தண்ணீரோ கூலன்ட்டோ உள்ளே வந்திருக்கலாம், சிலிக்கான் தூசியைக் காட்டும், இரும்பு, தாமிரம், அலுமினியம் தேய்மானத்தை. ஆயில் எத்தனை மணி நேரம் ஓடியது என்று தெரியாமல் இந்த எண்களுக்கு அர்த்தமில்லை. போன வாரம்தான் புது ஆயில் ஊற்றினேன் என்று விற்பவர் பெருமையாகச் சொன்னால் பரிசோதனை அன்றே செத்துவிட்டது. பழைய அறிக்கைகள் வரிசையாக இருந்தால் அதுதான் பொக்கிஷம். கியர்பாக்ஸ் ஆயிலையும் கூடவே அனுப்புங்கள். பால் கலந்தது போல் இருந்தால் அதன் கூலர் கசிகிறது.

சர்வேயர் பார்த்துவிட்டாரே, மெக்கானிக் எதற்கு?

படகின் உடலைப் பார்க்கும் சர்வேயர் பெரும்பாலும் இன்ஜினை ஓடுகிறதா என்ற அளவில்தான் பார்ப்பார், அறிக்கையிலேயே அப்படி எழுதியிருக்கும். அந்த பிராண்டில் பழகிய மெக்கானிக் ஒருவரை உங்கள் செலவில் கூட்டிப் போங்கள், விற்பவர் சிபாரிசு செய்பவர் வேண்டாம்.

"இன்ஜின் ரீபில்ட் செய்தது" என்கிறார்களே?

ரீபில்ட் என்ற சொல்லுக்குள் புது கேஸ்கெட் மாற்றியதும் அடங்கும், பிளாக்கை வெறுமையாக்கி எல்லாம் புதிதாகப் போட்டதும் அடங்கும். பாகங்களின் பட்டியலோடு பில் கேளுங்கள். அதைவிட முக்கியமாக, முதல் முறை ஏன் கெட்டது என்று கேளுங்கள். எக்ஸாஸ்ட் வளைவு தாழ்வாக இருந்ததால் கெட்டிருந்து, வளைவை மாற்றாமல் இன்ஜினை மட்டும் மாற்றியிருந்தால் அடுத்ததும் அதே வழியில்தான் போகும்.

இன்ஜின் மோசம், படகு அருமை. புது இன்ஜின் போட்டுக்கொள்ளலாமா?

போடலாம், கண்ணைத் திறந்துகொண்டு. இன்ஜின் விலை ஒரு பகுதிதான். கியர்பாக்ஸ் விகிதம், ஷாஃப்ட், ப்ரொப்பெல்லர், எக்ஸாஸ்ட், இன்ஜின் மேடை, வயரிங், கன்ட்ரோல், வெட்டிய தளத்தைத் திரும்ப மூடுவது என்று எல்லாம் சேர்ந்து பழைய படகின் மொத்த மதிப்பையே தாண்டிவிடலாம். பத்துப் பதினைந்து வருஷம் வைத்திருக்கப் போகிறீர்கள் என்றால் யோசிக்கலாம். இன்னொருவர் ஏற்கனவே புது இன்ஜின் போட்டு முடித்த படகைத் தேடுவது மலிவு, ஏனென்றால் அவர் செலவழித்ததில் கொஞ்சம்தான் விற்பனை விலையில் ஏறும்.

வாங்கியாயிற்று. முதல் வாரம் என்ன செய்வது?

எல்லாத் திரவமும் மாற்றுங்கள்: இன்ஜின் ஆயில், கியர் ஆயில், கூலன்ட். எல்லா டீசல் ஃபில்டரும். டேங்கின் அடியிலிருந்து ஒரு கண்ணாடி ஜாடியில் டீசலைப் பிடித்து ஒரு நாள் வைத்துப் பாருங்கள், தண்ணீரோ கறுப்புக் கசடோ தங்கினால் டேங்கைச் சுத்தம் செய்யாமல் வெளிக் கடலுக்குப் போக வேண்டாம், அலையில் கலங்கித்தான் அந்தக் கசடு ஃபில்டருக்கு வரும். இம்பெல்லரைப் புதிதாகப் போடும்போது பழையதில் இதழ் ஏதாவது குறைகிறதா என்று எண்ணுங்கள். குறைந்தால் அந்த ரப்பர்த் துண்டு அடுத்த கூலரின் வாயில் எங்கோ அடைத்துக்கொண்டிருக்கும், அதைத் தேடி எடுத்த பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள்.